கவுலாக் போன சிங்கவரத்து மல்லாட்டை

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் நான்கு நாள் வெளிநாடாக இருந்துவிட்டு எழுதுகிறேன்.

செஞ்சிதான் அந்த வெளிநாடு. பயணி, செனகல் நாட்டின் கவுலாக் நகரத்திலிருந்து வந்த அமினதா. வயது இருபத்தாறு, என்னைவிட எட்டு மாதம் சின்னவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி நீட்டுகிற சாக்கில் புரட்டிப் பார்த்தேன். பெனின், மடகாஸ்கர், மொராக்கோ, பெல்ஜியம், இரண்டு முறை பிரான்ஸ். முத்திரைமேல் முத்திரை. லாட்ஜ்காரர் ஜெராக்ஸ் எடுத்து முடிக்கிறவரைக்கும் எனக்கு வயிறு எரிந்தது. என்னிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. அம்மா அதைப் பட்டுப்புடவை மடிப்பில் அந்துருண்டையோடு வைத்திருக்கிறாள்.

பிரெஞ்சு பேசுகிற வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு ஊரில் கருவி இருக்கும், இன்னொரு ஊரில் அதை ஓட்டத் தெரிந்தவர் இருப்பார், மூன்றாவது ஊரில் ஆராய வேண்டிய நோய் இருக்கும். மூன்றையும் சேர்த்துவைக்கிற கல்யாணத் தரகர் வேலை அந்த அமைப்புக்கு. போக வர மாணவர்களுக்குச் செலவும் கொடுத்துவிடும். அமினதாவின் ஆராய்ச்சி, வீடுகளில் சேமித்து வைக்கிற நிலக்கடலையில் வரும் பூஞ்சை பற்றியது. அது ஒரு விஷத்தை விடும். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது, வருடக்கணக்கில் ஈரலைக் கெடுக்கும். ஆய்வில் பாதி கவுலாக், மறுபாதி எங்கள் ஊர். இரண்டும் கடலை விளைகிற பூமி. நாங்கள் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்று பெயரிலேயே பாஸ்போர்ட் வைத்திருக்கிற பயிர்.

நான் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒப்பந்த உதவியாளர். படித்தது நுண்ணுயிரியல். சாயங்கால வகுப்பில் நான்கு வருடம் பிரெஞ்சும் படித்தேன். பிறந்தது செஞ்சியை ஒட்டிய சிங்கவரம். ஊர், மொழி, பூஞ்சை மூன்றும் தெரிந்தவள் என்று பேராசிரியர் என்னை அவளோடு அனுப்பினார். ஆனால் அந்த அமைப்பு உதவித்தொகை தருகிற பட்டியலில் இந்தியா இல்லை. வெளிக் கூட்டாளி என்ற வகையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு இடம் உண்டு. ஒரு ஆள் ஒரு மாதம் கவுலாக் போய் வரலாம். "இந்த நாலு நாள் வேலைய ஒழுங்கா முடிச்சுக் குடு நிவேதா, அது நீதான்" என்று அவர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒரு வாரம் முன்பே எட்டு வீட்டையும் தேர்ந்தெடுத்து எட்டுக்கும் நானே போன் போட்டேன். "வெளிநாட்லருந்து ஆராய்ச்சி பண்றவங்க வராங்க. நம்ம மல்லாட்டைய எடுத்துட்டுப் போயி மெஷின்ல வெச்சுப் பாப்பாங்க. ஊரு பேரக் காப்பாத்துங்க" என்று ஒரு வரி சேர்த்தும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் உற்சாகம்.

முதல் நாள் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

"கோட்டதான?"

"இல்லண்ணா, கமிட்டிக்கு."

"வெளிநாட்டுக்காரங்க கோட்ட பாக்காம கமிட்டில இன்னா பண்ணப் போறாங்க? எந்த ஊரு இவங்களுக்கு?"

"செனகல்."

"அது எந்தாண்ட இருக்குது?"

"ஆப்பிரிக்காவுல, அந்தக் கோடியில."

"அவ்ளோ தூரத்துலருந்து மூட்ட பாக்கவா வந்தாங்க? சரி எறங்குங்க. கோட்ட எங்கயும் போவாது."

இதை நான் மொழிபெயர்த்ததும் அமினதா ஜன்னல் வழியே மலைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கள் ஊர் வெறும் தரை. இதைப் பார்த்தால் யாரோ லாரியில் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போய்விட்டதுபோல் இருக்கிறது."

இருபத்தாறு வருடம் அந்த மலைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை. முதல் நாள் காலையிலேயே இப்படி.

கமிட்டி என்று எங்கள் பக்கம் சொல்வது விற்பனைக்கூடத்தை. வரிசையாக மூட்டைகள், தரையெல்லாம் ஓட்டுத் தூள், தும்மல். ஒரு வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டினார், உடைத்தார், முகர்ந்தார், ஒரு பருப்பைக் கடித்துத் துப்பினார். பக்கத்து மூட்டையில் அமினதாவும் அதே வரிசையில் அதையே செய்துகொண்டிருந்தாள். காதருகே ஆட்டல், உடைத்தல், முகர்தல், துப்பல். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு நம்ம தொழிலா?"

"பிஎச்.டி. பண்றாங்க."

"படிச்சதுல வர்ற கை இல்லம்மா இது. வூட்ல மல்லாட்ட போடறவங்களா கேளு."

கேட்டேன். அப்பா கடலை விவசாயியாம், அம்மா சந்தையில் விற்பவளாம். வியாபாரி அவளுக்கு டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான், ஆனால் டம்ளரை முதலில் அவளிடம்தான் நீட்டினார். அந்தக் கமிட்டிக்கு நைனாவோடு நான் எத்தனை தரம் போயிருப்பேன்! ஒருத்தர்கூட என் கையைப் பார்த்து எதுவும் சொன்னதில்லை.

மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கள் கோட்டையிலும் பத்து வருடம்போலப் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அது கணக்கில் வராதா? எங்களையும் பட்டியலில் சேர்க்கலாமே" என்றேன்.

அவள் ரசத்தைக் குடித்துவிட்டு, "எங்களை அதைவிட ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஆனாலும் சாயங்காலம் அவள் தன் வேலையை விவரித்தபோது மறுபடியும் எரிந்தது. கடலை கவுலாக்கில் இருக்கிறது. விஷத்தை அளக்கிற கருவி பெனினில் இருக்கிறது. கணக்குப் போடச் சொல்லித் தருகிறவர் மடகாஸ்கரில். "கருவி கெட்டுப்போனால் டோகோவுக்குக் கடிதம் எழுதுவோம். எங்கள் யாரிடமும் முழுசாக ஒன்றும் கிடையாது" என்று குறைப்பட்டுக்கொண்டாள். எங்கள் ஆய்வகத்தில் அதே கருவி இரண்டு வருடமாக அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சிங்கவரமும் சுற்றுப்புறமும். நான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கூடத்தில் புதுப் பாய் விரித்து அதன்மேல் மூட்டை நின்றது, மாப்பிள்ளை மாதிரி. அமினதா கூர் முனையுள்ள ஒரு குழாயை மூட்டையில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்தி உருவினாள். குழாய் நிறையப் பருப்பு வந்தது. இளஞ்சிவப்பு, ஒரே அளவு, பளபளப்பு. பையில் போட்டு எண் எழுதினாள். வீட்டுக்காரர்கள் மோர் கொடுத்தார்கள், நுங்கு கொடுத்தார்கள், கைபிடித்து வாசல்வரை வந்தார்கள்.

"உங்கள் ஊரில் கடலையை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்களே, எப்படி?" என்று கேட்டாள்.

"எங்கள் ஆட்கள் அப்படித்தான்" என்றேன். அவளிடம் இல்லாதது ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறை நெஞ்சு நிமிர்ந்தது.

நான்காவது வீடு எங்கள் வீடு. மாதிரி எடுத்ததும் அம்மா இலை போட்டாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, முட்டை, மல்லாட்டைத் துவையல். அமினதா கையால் பிசைந்து, குழம்பு மணிக்கட்டுக்கு வழியாமல், வெகு நேர்த்தியாகச் சாப்பிட்டாள்.

"எவ்ளோ அழகா சாப்புடுது பாரு இந்தப் பொண்ணு" என்றாள் அம்மா. "நீயும் இருக்கியே, கோழி கொத்தற மாரி."

நைனா வேறு, "அங்கயும் கைலதான் சாப்புடுவாங்களா, கேளு. இன்னொரு முட்ட வைக்கட்டுமா, கேளு" என்று என்னைச் சாப்பிடவிடாமல் மொழிபெயர்க்க வைத்தார். அப்போதுதான் அமினதா துவையலை நாக்கில் வைத்தாள். மென்றது நின்றது. விழுங்கிவிட்டு, மறுபடியும் ஒரு துளி எடுத்து நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தாள். உண்பவளின் முகம் போய் ஆராய்ச்சிக்காரியின் முகம் வந்திருந்தது.

"இது எந்தக் கடலை? கசக்கிறது."

"இன்னாடி கேக்குது?" என்றாள் அம்மா.

"தொவயல் கசக்குதாம். எந்த மல்லாட்டன்னு கேக்கறா."

"ஐயய்ய, அதப் போயி எலையில வெச்சிட்டனா!" அம்மா, பக்கத்தில் இருப்பவளுக்குத் தமிழே தெரியாது என்பதையும் மறந்து குரலைத் தாழ்த்தினாள். "அது வூட்டுக்கு ஒதுக்குனதுடி. நீ போன் பண்ணல்ல, அன்னிலருந்து நானும் பக்கத்து வூட்டு சரசும் ஒக்காந்து மூட்ட முழுக்கப் பொறுக்குனோம். சொத்த, சூம்பலு, கருப்பு, ஒண்ணு வுடல. எல்லா வூட்லயும் அப்டிதான் பண்ணாங்க. வர்றவங்களுக்கு நல்லதத்தான குடுக்கணும்? பொறுக்குனத வீசவா முடியும்? தொவயலுக்கு ஆவுது."

வீட்டில் கிடக்கிற கடலையில் பூஞ்சை எவ்வளவு என்று பார்க்க ஒருத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள். எங்கள் ஆட்கள் பூஞ்சையை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மூட்டையைப் பாயில் உட்கார வைத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பொறுக்கச் சொன்னது மாதிரி ஆக்கியது என் போன்.

அமினதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வறுக்கும்போது கொஞ்சம் கருக்கிவிட்டாளாம்" என்றேன்.

நான்கு வருடப் பிரெஞ்சில் நான் சொன்ன முதல் பொய். உச்சரிப்பு மட்டும் பிசிறில்லாமல் வந்தது.

ஏன் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் பேராசிரியருக்குத் தெரியும், கவுலாக் இடம் போய்விடும் என்ற பயம். அதையாவது யாரிடமும் ஒப்புக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை முத்திரை வாங்கியவள் ஒரே ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பட்டுமே என்று உள்ளே ஒரு குரல் வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அது என் குரல்தான்.

மூன்றாம் நாள் அவலூர்பேட்டைப் பக்கம் மிச்ச நான்கு வீடு. அதே பாய், அதே மூட்டை, மோருக்குப் பதில் கோலி சோடா. ஒவ்வொரு தடவை குழாய் உருவும்போதும் ஒரு சொத்தையாவது விழாதா என்று நானே சாமியைக் கும்பிட்டேன். விழவில்லை. எட்டுப் பையும் நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம் போல இருந்தன. அமினதா நோட்டில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

திரும்பி வருகிற வழியில் பஸ் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சராம். டிரைவர் கண்டக்டரைத் திட்டினார், கண்டக்டர் டிப்போவைத் திட்டினார், அமினதா தன் தாய்மொழியில் பொதுவாக எல்லாரையும் திட்டினாள். பங்குனி வெயில். சாலையோரம் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். எதிரே பிடுங்கி முடித்த மல்லாட்டைக் கொல்லை.

"எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது" என்றாள். "பஸ்ஸும்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். அவர்கள் வீட்டில் நல்ல கடலை சந்தைக்குப் போகும், ஒதுக்கியது குழம்புக்கு வரும். அப்பா ஐம்பது வயதில் ஈரல் கெட்டு இறந்தார். "கடலையால்தான் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல எண்கள் வேண்டும். ஒரு ஊரில் மட்டும் இருந்தால் அது எங்கள் ஏழ்மை என்பார்கள், எங்கள் மழை என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் அப்படியே இருந்தால்தான் கேட்பார்கள். அதற்காகத்தான் ஒரு வருடம் எழுதி எழுதி இந்தப் பயணத்தை வாங்கினேன். இன்னொரு தடவை தரமாட்டார்கள்." டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "ஆனால் உங்கள் ஊரில் இல்லை. நல்ல விஷயம்தான். என் ஆய்வில் பாதி போயிற்று, அவ்வளவுதான்."

பொறாமைக்கு ஒரு அளவு இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அப்பா இல்லாதவளைப் பார்த்தா நான் மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தேன்? டிரைவர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதையும் வருவதையும் பார்த்தேன். அப்புறம் சொன்னேன். போன், பொறுக்கல், துவையல், கருகல், எல்லாம். எந்தக் காலத்தில் எந்த வினைச்சொல் என்பதெல்லாம் மறந்து, தப்பும் தவறுமாக.

அவள் எழுந்து கொல்லைக்குள் இறங்கி நடந்தாள். கடைக்காரர், "பாத்ரூம் போணுமாமா? எங்க வூட்டாண்ட இட்டுனு போம்மா" என்றார். "இல்லண்ணா, கோவம்" என்றேன். "ஓ" என்று பாய்லரைத் திறந்துகொண்டார்.

திரும்பி வந்தபோது அவள் குரலில் ஈரமே இல்லை.

"கருகின கசப்பு எனக்குத் தெரியும். அது கருகல் இல்லை என்று நேற்றே தெரியும். உனக்கு வெட்கம் என்று நினைத்தேன். வேண்டுமென்றே செய்த வேலை என்று நினைக்கவில்லை." பிறகு, "ஒதுக்கியது எங்கே இருக்கிறது?" என்றாள்.

"எந்த ஒதுக்கியது?"

"உன் அம்மா வீசமுடியாது என்றாளே, அது. எட்டு வீட்டிலும் எதில் போட்டு வைத்திருக்கிறார்கள்? பொறுக்கினதையும் மூட்டையையும் எடை போட்டால், அதே விகிதத்தில் திரும்பக் கலந்துவிடலாம். மூட்டை பழைய மூட்டை ஆகிவிடும்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அந்த நிலைமையிலும் ஒரு எரிச்சல் வந்தது. மறைக்க மாட்டேன்.

நான்காம் நாள் விடிந்ததும் நைனாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டேன். பின்னால் அமினதா, மடியில் தராசு, தோளில் காலிப் பைகள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதெல்லாம் "இடது பக்கமா?", "மெதுவாக", "பெட்ரோல் இருக்கிறதா?" மட்டும்.

எடை போடுவது சுலபமாக இருந்தது. கேட்பதுதான் கஷ்டம். ஒரு வீட்டில் போய், உங்கள் சொத்தைக் கடலையைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

"இன்னாது, சொத்தையா? வெளிநாட்டுக்காரங்களுக்கா?" அவலூர்பேட்டை அக்கா ஒருத்தி சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "ஏம்மா, நீதான ஊரு பேரக் காப்பாத்துங்கன்ன? மூணு நாளு முதுவு ஒடியப் பொறுக்குனேன். இப்போ அந்தக் கருமத்த எடுத்துனு போயி அங்க கட வெக்கப் போறியா?"

"அக்கா, நான் சொன்னது தப்பு."

"தப்பு பண்ணவ நீ, மானம் போறது எனக்கா?"

பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும்தான் என்று சத்தியம் செய்த பிறகு கொடுத்தாள். அடுத்த வீட்டில் கோழிக்குப் போட்டுவிட்டார்கள். அமினதா அந்தக் கோழிகளை நின்று பார்த்த பார்வையில், அவற்றையும் பையில் போட்டுக்கொள்வாளோ என்று பயந்தேன். இன்னொரு வீட்டில் செக்குக்குப் போய் எண்ணெயாகவே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஐந்து வீடு கிடைத்தது. மிச்சம் எங்கள் வீடு.

அம்மா கதவு நிலையிலேயே நின்றுகொண்டாள்.

"முடியாது. நைனா வெளய வெச்சதே சொத்தன்னு எழுதுவாங்க. நாளைக்குக் கமிட்டில எவன் வாங்குவான்?"

"யாரும் எழுத மாட்டாங்கம்மா. நம்பர்தான்."

"எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு கையில நான் கெட்டுப்போனதக் குடுக்க மாட்டேன்டி. எம் மனசு கேக்காது. அவங்க அம்மாவா இருந்தா குடுப்பாங்களா, கேளு."

கேட்டேன். அமினதா முதல்முறையாக, நேற்றிலிருந்து முதல்முறையாக, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "மாட்டாள். என் அம்மாவும் இதையேதான் சொன்னாள்."

"அப்போ அவங்க வூட்டுது எப்டி வாங்குச்சாம்?"

"திருடினேன்" என்றாள் அமினதா. "அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது."

மொழிபெயர்த்தேன். அம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "பெரிய பிஸ்கெட் டின்னு, அடுப்பு மேடைக்கு அடியில. எவளாவது திருடுனா எனக்கு இன்னா தெரியும்?" என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாடு ஏற்கனவே வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

டின்னைத் திறந்து பேப்பரில் கொட்டினோம். சுருங்கியவை, ஓட்டை விழுந்தவை, பச்சைப் பூஞ்சை பூத்தவை. பிறந்ததிலிருந்து நான் தின்ற துவையல் எல்லாம் அங்கே கிடந்தது. "எங்கள் வீட்டு டின்னும் பிஸ்கெட் டின்தான்" என்றாள் அமினதா, எடையைக் குறித்துக்கொண்டே. சாம்பிள் எண் நான்கு என்று நான் பையில் எழுதினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவள் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அப்படியெல்லாம் நடந்ததாக எழுத ஆசைதான். "அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன்" என்றாள். "எழுது" என்றேன். "நீயும் ஒரு வரி எழுது. மாதிரி எடுப்பதற்கான நம் படிவத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று." பஸ் புறப்படுவதற்குள் அவளுடைய நோட்டிலேயே நின்றுகொண்டு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு இடத்தில் இலக்கணத்தைத் திருத்தினாள். பஸ் போய்விட்டது. ஜன்னல் சீட், வேறென்ன!

பேராசிரியரிடம் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கூப்பிட்டார். "நீயே சொன்னது ரொம்ப சரி நிவேதா. ஆனா சாம்பிள் எடுக்கப் போற வீட்டுக்கு முன்னாடியே போன் போட்ட ஆள நான் எந்த முகத்தோட அனுப்பறது? அடுத்த தடவ பாக்கலாம்." கவுலாக்குக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து பிரபு போனான். அவனுக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் தெரியும். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அமினதாவிடமிருந்து செய்தி வந்தது. விற்பதற்கும் விருந்தாளிக்கும் எடுத்துவைத்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டுக்கு ஒதுக்கியதில்தான் எல்லாம் இருக்கிறது, இரண்டு ஊரிலும். போன பாதி ஆய்வு திரும்பி வந்துவிட்டதோடு, அதுவே இப்போது முக்கியமான அத்தியாயமாம். எங்கள் எட்டு வீட்டில் கோழியும் செக்கும் முந்திக்கொண்ட இரண்டையும் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறாள். என் வரியைப் படிவத்தில் போட்டு, கூட்டுத் திட்டத்தில் இருக்கிற எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியிருக்கிறார்களாம்: "வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள். விருந்தாளிக்கு எடுத்துவைத்ததோடு நிற்காமல், வீட்டுக்கு ஒதுக்கியது எங்கே என்று கேளுங்கள்." பெனினிலும் மடகாஸ்கரிலும் டோகோவிலும் யாராரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு யார் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் எழுதிய வரி. என்னை விட்டுவிட்டுப் போன வரி.

அம்மா இப்போது ஒதுக்கியதைத் துவையலுக்கு எடுப்பதில்லை. விற்கவும் மனசில்லை, வீசவும் மனசில்லை. "அந்தப் பொண்ணு வந்தா திருடிக்கும்" என்று டின்னில் சேர்த்து வைக்கிறாள்.

செய்தியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாள். கவுலாக்கில் ஒரு மேஜைமேல் சாம்பிள் எண் நான்கு, என் கையெழுத்தோடு. பக்கத்தில் அதோடு போன சான்றிதழ். சென்னையில் குத்திய வட்ட முத்திரை ஒன்று, அங்கே இறங்கியதும் குத்திய நீல முத்திரை இரண்டு. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு பீரோவைத் திறந்து பட்டுப்புடவை மடிப்பிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினேன். முத்திரை விழவேண்டிய பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்துருண்டை வாசனை மட்டும் வந்தது. எங்கள் வீட்டுச் சொத்தை மல்லாட்டைக்கு மூன்று முத்திரை.